ஏற்காட்டு வீட்டில் எச்டி சேனல்களைப் பதிவு செய்து மூன்று டிவிக்கும் அனுப்ப என்ன வாங்கணும்?

கொண்டை ஊசி 20 கேட்டது:

வணக்கம். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் வழியில். காபித் தோட்டத்துக்கு நடுவே பழைய கல் கட்டடம், சுவர் ஒன்றரை அடி கனம். சுற்றிலும் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. ஹால், அப்பா அறை, மாடி என்று மூன்று டிவி. இப்போது ஹாலில் மட்டும் டிடிஎச் எச்டி பாக்ஸ் இருக்கு.

ஒரே இடத்தில் பதிவாகணும், மூன்று டிவியிலும் நேரலையும் பதிவும் தெரியணும், சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து அப்பா பார்த்தாலும் ஓடணும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சி பதிவாகணும். 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று கையில் சும்மா இருக்கு. அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அடுத்த மாதம் வரும்போது நான்கு ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) உள்ள எச்டி ஹோம்ரன் என்ற, டிவி சிக்னலை வீட்டு நெட்வொர்க்கில் அனுப்பும் பெட்டியை வாங்கி வர்றேன் என்கிறார். அதை டிஷ் ஒயரில் மாட்டினால் போதுமா? இங்கே இடியும் கரண்ட் கட்டும் சாதாரணம், அதையும் சேர்த்துச் சொல்லுங்க.


சூரமங்கலம் சிக்னல் பதில்:

முதல் வேலையா அத்தை மகனுக்கு போன் போட்டு எச்டி ஹோம்ரன் வேண்டாம்னு சொல்லிடுங்க. அமெரிக்காவில் விற்கும் அந்தப் பெட்டி ஏடிஎஸ்சி என்கிற அவங்க ஊர்த் தரைவழி முறைக்கானது. இந்தியாவில் அந்த முறையில் வழக்கமான டிவி ஒளிபரப்பு கிடையாது. ஐரோப்பிய மாடல் வாங்கினாலும் அது தரைவழிக்கும் கேபிளுக்கும்தான். டிஷ்ஷிலிருந்து வரும் ஒயரை ஏற்கும் மாடல் அந்த வரிசையிலேயே இல்லை. உங்களுக்கு வேண்டியது துணைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் டிவிபி-எஸ்2 ட்யூனர்.

அடுத்தது, எந்தச் சேனலைப் பதிவு செய்யப் போறீங்க என்பது. பெட்டி வாங்குவதற்கு முன்னாடி இதை முடிவு பண்ணுங்க. காசு கட்டிப் பார்க்கும் டிடிஎச் சேனல் எல்லாம் பூட்டோடுதான் வரும். அந்தப் பூட்டைத் திறப்பது கம்பெனி பாக்ஸும் அதிலுள்ள கார்டும் மட்டுமே. தனி ட்யூனர் போட்டால் சேனல் பேர் பட்டியலில் தெரியும், படம் வராது. கேபிளும் அப்படியே, அரசு கேபிளானாலும் தனியார் கேபிளானாலும் கேஸ் (CAS) என்கிற சந்தாப் பூட்டு இருக்கும்.

பாக்ஸின் எச்டிஎம்ஐ வழியாக எடுக்கலாமே என்று அடுத்து தோணும். அந்த வாயிலில் எச்டிசிபி என்கிற நகல் தடுப்புக் காவல் உண்டு. கேப்ச்சர் கார்டு (எச்டிஎம்ஐ படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் கருவி) போட்டால் கறுப்புத் திரைதான் பதிவாகும். அந்தக் காவலைத் தட்டிவிடும் பிரிப்பான்கள் சந்தையில் கிடைக்கும், ஆனால் அந்தப் பக்கம் போகாதீங்க. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இப்படிப்பட்ட பாதுகாப்பை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை சொல்லுது. கட்டணச் சேனலைப் பதிவு செய்தே ஆகணும்னா கம்பெனியே தரும் ரெக்கார்டிங் பாக்ஸ்தான் வழி. அதன் டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. பதிவு அந்தப் பாக்ஸோடு கட்டப்பட்டது.

மிச்சம் இருப்பது பூட்டில்லாத சேனல்கள். டிடி ஃப்ரீ டிஷ் ஜிசாட்-15 வழியா 93.5 டிகிரி கிழக்கிலிருந்து வருது. டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை) அதில் இருக்கு. பாடம் நடத்தும் ஸ்வயம் பிரபா வரிசையும் அதே துணைக்கோளில்தான், பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பதிவு செய்து வைக்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லிடறேன்: ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலானவை எஸ்டிதான் (தெளிவு குறைந்த சாதாரணப் படம்), எச்டி கொஞ்சம். தனியார் தமிழ்ச் சேனலை நம்பி அதைப் போட்டால் ஏமாற்றமாகும். தமிழ் நியூஸ், பக்திச் சேனல்கள் பூட்டில்லாமல் வேணும்னா சி-பேண்ட் என்கிற வேறு அலைவரிசைக்கான பெரிய டிஷ் போடணும். அதை இங்கே 'எட்டடி டிஷ்' என்ற பேரில் எழுதுபவர் சொல்வார்.


எட்டடி டிஷ் பதில்:

மேலே சொன்னது சரி. டிஷ் கணக்கை நான் தருகிறேன். கணினியில் ஆயிரம் திருத்தலாம், டிஷ்ஷில் விட்ட பிழையைக் கணினி சரி செய்யாது.

சேலம், ஏற்காடு இரண்டுக்கும் 93.5 கிழக்கு ஒரே கோணம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து வலமாக 126 டிகிரி, அதாவது தென்கிழக்கு. அடிவானத்திலிருந்து மேலே ஏற்றம் 67.5 டிகிரி. சாதாரண ஆஃப்செட் டிஷ்ஷில் (வீடுகளில் போடும் சின்ன வகை) 24 டிகிரி அளவுக்குச் சாய்வு உள்ளேயே அடங்கியிருப்பதால், டிஷ்ஷின் முகம் 43 டிகிரிதான் மல்லாந்து தெரியும். முகத்தையே 67க்கு மல்லாத்தி வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. பிராக்கெட்டில் அச்சடித்த எண்ணை நம்புங்கள், ஆனால் கம்பம் தூக்குக்குண்டுக்கு நேராக நின்றால்தான் அந்த எண் மெய்.

பலரும் தொடாத திருகு எல்என்பியினுடையது (டிஷ்ஷின் கை முனையில் சிக்னலைப் பிடிக்கும் பகுதி). நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், துணைக்கோள் நமக்கு 15 டிகிரி கிழக்கே இருக்கிறது. அதனால் எல்என்பியை 52 டிகிரி திருக வேண்டும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடஞ்சுழியாக. தில்லி, லக்னோ பக்கத்துக் காணொளியைப் பார்த்து அங்கே சொன்ன அளவுக்குத் திருகினால் இங்கே பாதி டிரான்ஸ்பாண்டர் (பல சேனலைச் சேர்த்துச் சுமக்கும் துணைக்கோள் அலை) வரும், பாதி வராது. முதலில் 52ல் வையுங்கள், பிறகு மீட்டரைப் பார்த்து இரண்டு மூன்று டிகிரி முன்பின் அசையுங்கள்.

சில்வர் ஓக் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஏற்றம் 67.5 என்பதால், டிஷ்ஷைவிட 12 மீட்டர் உயரமான மரம் தென்கிழக்கில் 5 மீட்டருக்குள் நின்றால்தான் மறைக்கும். கிளை பரவலுக்கு இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைக் கருவியில்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு. மார்ச் 15 வாக்கில் காலை 11.15 மணிக்கும், செப்டம்பர் 28 வாக்கில் 11 மணிக்குக் கொஞ்சம் முன்னும், சூரியன் அந்தத் துணைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் குறித்த இடத்தில் வெயில் விழுந்தால் வழி திறந்திருக்கிறது, மர நிழல் விழுந்தால் மூடியிருக்கிறது. அதே நாட்களில் சில நிமிடம் சிக்னல் போய் வருவதும் இதனால்தான். அப்போது டிஷ்ஷைத் திருகக் கூடாது.

டிஷ் 60 செ.மீ. போதும் என்பார்கள். மலையில் 90 போடுங்கள், 3.5 டெசிபல் கூடும். மூடுபனியால் இந்த அலைவரிசையில் இழப்பு சொற்பம். சிக்னலைத் தின்பது கனமழையும், எல்என்பி மூடியில் படியும் நீர்ப்படலமும்தான்.

கேபிள் ஆர்ஜி-6, நடுக்கம்பி முழுச் செம்பு. செம்புப் பூச்சு போட்ட இரும்புக் கம்பி 15 மீட்டருக்குப் பரவாயில்லை. 40 மீட்டர் இழுத்தால் எல்என்பிக்குப் போகும் 13, 18 வோல்ட் வழியிலேயே இறங்கி, அலைமுனைவு (அலை கிடையாக வருகிறதா, நெட்டாகவா என்பது) மாறாமல் பாதிச் சேனல் காணாமல் போகலாம். 30 மீட்டருக்கு உச்ச அதிர்வெண்ணில் 9, 10 டெசிபல் போகும் என்று கணக்கு வையுங்கள். முனைக்கு அழுத்திப் பூட்டும் எஃப் கனெக்டர். திருகு வகை ஏற்காட்டு ஈரத்தில் ஒரு மழைக்காலம் தாண்டாது. டிஷ் பக்க முனையில் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப், வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளில் ஒரு தொங்கல் வளைவு. இல்லையென்றால் தண்ணீர் கேபிள் வழியே ட்யூனருக்கே வரும்.

சி-பேண்ட் வேண்டுமென்றால்: 83 டிகிரி கிழக்கு (ஜிசாட்-30) இங்கிருந்து 157 டிகிரி திசை, 75 டிகிரி ஏற்றம். டிஷ் அண்டா மாதிரி மல்லாந்து கிடக்கும். அதனால் நடுவில் வடிகால் துளை கட்டாயம், காபித் தோட்டத்துச் சருகு அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மலைக்காற்றுக்குத் தகடு டிஷ்ஷைவிட வலை டிஷ் நல்லது. மழையால் சி-பேண்டில் இழப்பு மிகக் குறைவு, ஏற்காட்டுக்கு அது பெரிய லாபம். தொல்லை வேறு பக்கம் இருக்கிறது. 2022ல் ஏலம் போன 5ஜி அலைவரிசை 3.3 முதல் 3.67 கிகாஹெர்ட்ஸ் வரை. டவர் பக்கத்தில் இருந்தால் பழைய எல்என்பி திணறிவிடும். 3.7 முதல் 4.2 வரை மட்டும் விடும் வடிகட்டியை எல்என்பிக்கும் அதன் முன்னால் உள்ள ஃபீட் ஹார்ன் குழாய்க்கும் நடுவில் போட வேண்டும். எல்என்பிக்குப் பின்னால் கேபிளில் போட்டுப் பயனில்லை. எந்தச் சேனல் எந்த மாதம் திறந்திருக்கும் என்பது மாறிக்கொண்டே இருக்கும், பிளைண்ட் ஸ்கேன் (எல்லா அதிர்வெண்ணையும் தானாகத் தேடுவது) போட்டுப் பாருங்கள்.


பெட்டி திறந்தவர் பதில்:

மெஷின் பக்கம் என் வேலை.

ரொம்பப் பேர் ராஸ்பெர்ரி பை போதும்னு சொல்வாங்க. பதிவு மட்டும்னா பை 4 போதும். உங்களுக்கு அஸ்தம்பட்டிக்கும் அனுப்பணும், அதுக்கு வீடியோவைச் சுருக்கணும். பை 5ல் எச்.264 முறையில் வீடியோவைச் சுருக்கும் வன்பொருளே எடுத்துட்டாங்க. இன்டெல் என்100 போட்ட மினி பிசி, 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டி வாங்குங்க. சிப் 6 வாட் வகை, அதிலுள்ள குயிக் சிங்க் என்கிற வீடியோ சுருக்கும் பகுதி மூன்று நான்கு சுருக்கத்தைச் சிரமமில்லாமல் செய்யும்.

ட்யூனர் எண்ணிக்கையில் பலரும் கூடுதலாச் செலவு பண்றாங்க. ஒரு ட்யூனர்னா ஒரு சேனல் இல்லீங்க, ஒரு டிரான்ஸ்பாண்டர். ஃப்ரீ டிஷ்ஷின் 29500 சிம்பல் ரேட் (தரவு வரும் வேக அளவு) டிரான்ஸ்பாண்டர் ஒன்று ஏறத்தாழ 40 மெகாபிட் சுமக்குது, அதில் வரும் அத்தனை சேனலையும் ஒரே ட்யூனரில் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். நான்கு ட்யூனர் வேண்டாம், இரண்டு போதும். யுஎஸ்பி வகைன்னா டிவிபிஸ்கை எஸ்960: டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கு, எம்88டிஎஸ்3103 ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் இறக்கி ஃபர்ம்வேர் அடைவில் வைக்கணும். டிபிஎஸ் கம்பெனி ட்யூனர் கார்டு நல்லா உழைக்கும், ஆனால் டிரைவரைத் தனியாக் கட்டணும், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) புதுப்பித்த மறுநாள் ட்யூனர் காணாமல் போச்சுன்னா காரணம் அதுதான். அந்த மெஷினில் கெர்னலைத் தானாகப் புதுப்பிக்க விடாதீங்க. இரண்டு ட்யூனருக்கு இரட்டை வாய் எல்என்பி போடுங்க, சாதாரணப் பிரிப்பான் போட்டால் ஒன்று 13 வோல்ட் கேட்க மற்றது 18 கேட்டு இழுபறியாகும்.

மென்பொருள்: டெபியன் லினக்ஸ், அதன் மேல் சேனலைப் பிடித்துப் பதிவு செய்யும் டிவிஹெட்எண்ட். உலாவியில் 9981 போர்ட். வரிசை மாறாமல் செய்யணும்: ட்யூனரை இயக்கி, டிவிபி-எஸ் நெட்வொர்க் ஒன்று உண்டாக்கி, யுனிவர்சல் எல்என்பி தேர்ந்து, அந்த நெட்வொர்க்கை ட்யூனரோடு கட்டி, மக்ஸ் சேர்த்து ஸ்கேன். மக்ஸ்தான் டிரான்ஸ்பாண்டர். ஸ்கேன் முடிந்ததும் சர்வீஸ்களைச் சேனலாக மேப் பண்ணும்போது பூட்டுள்ளவற்றை விட்டுடுங்க. பதிவுக்கு முன்னால் 2 நிமிடம், பின்னால் 10 நிமிடம் கூட வையுங்க, நம்ம ஊர் நிகழ்ச்சி நேரத்துக்கு முடியாது. நிகழ்ச்சி அட்டவணை காற்றில் வருவது அரைகுறையா இருக்கும், நேரம் கொடுத்து வாரா வாரம் பதிவாகும்படி வைப்பது நிச்சயமானது.

இட அளவு: 8 மெகாபிட் எச்டி மணிக்கு 3.6 ஜிபி. 4 டிபியில் 1100 மணி நேரம். எஸ்டி மணிக்கு ஒரு ஜிபி சுற்றி.

டிவிகளில் கோடி (Kodi) என்கிற பிளேயர் போட்டு, டிவிஹெட்எண்டோடு பேசும் எச்டிஎஸ்பி (HTSP) ஆட்-ஆன், போர்ட் 9982. வீட்டுக்குள் சுருக்கவே வேண்டாம், வந்த ஓடையை அப்படியே அனுப்புங்க. எச்டி இங்கே 1080i வகை, அதாவது நொடிக்கு 50 அரைப்படம். டீஇன்டர்லேஸ் செய்யும்போது (அரைப்படத்தை முழுப்படமாக்கும்போது) 50 முழுப்படமா எடுக்கணும். 25க்கு இறக்கினால் கிரிக்கெட்டில் பந்து தத்தித் தத்திப் போகும். ஒன்றரை அடி கல் சுவரில் வைஃபையை நம்பாதீங்க, ஒவ்வொரு டிவிக்கும் கேட்-6 நெட்வொர்க் ஒயர்.

அஸ்தம்பட்டிக்கு ஜெல்லிஃபின் (வீட்டு வீடியோவை வெளியே அனுப்பும் மென்பொருள்), 8096 போர்ட். உலாவி எம்பெக்-2வை ஓட்டாது, அதனால் 720பி, 3 மெகாபிட்டுக்குச் சுருக்கி அனுப்பும். போர்ட்டை இணையத்துக்கு நேரா திறக்காதீங்க. பல இணைப்பில் பொது ஐபியே கிடையாது, திறந்தும் வேலை செய்யாது. இரண்டு வீட்டையும் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேலை இரண்டிலும் போட்டால் முடிஞ்சது. குடும்பத்துக்கு மட்டும், ஊருக்கு இல்லை.


கொண்டை ஊசி 20:

எல்லாருக்கும் நன்றி. 90 செ.மீ. டிஷ், எஸ்960 இரண்டு, என்100 போட்டாச்சு. எல்என்பியை 52 திருகினதும் எல்லா டிரான்ஸ்பாண்டரும் வந்துடுச்சு. எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எத்தனை டெசிபல் கூட என்பது) வெயிலில் 12.5 காட்டுது. ஆனால் மூன்று பதிவு ஓடும்போது படம் கட்டம் கட்டமா உடையுது, ஒன்று மட்டும் ஓடினால் சுத்தமா இருக்கு. ஹார்ட் டிஸ்க்கும் ட்யூனர் இரண்டும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் இருக்கு. டிஷ்ஷை இன்னும் நகர்த்தணுமா?


பெட்டி திறந்தவர் பதில்:

டிஷ்ஷைத் தொடாதீங்க! டிவிஹெட்எண்டில் ஸ்டேட்டஸ், ஸ்ட்ரீம் பக்கம் போங்க. திருத்த முடியாத பிளாக் என்று ஒரு எண், கன்டினியூட்டி பிழை (தரவுத் துண்டு வழியில் விடுபட்டது) என்று ஒரு எண். முதலாவது ஏறினால் குற்றம் டிஷ், எல்என்பி, கேபிளில். முதலாவது சுழியிலேயே நின்று இரண்டாவது மட்டும் ஏறினால் ட்யூனர் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு, அதுக்குப் பின்னால் யுஎஸ்பியிலோ மெஷினிலோ தவறுது. உங்களுக்கு இரண்டாவதுதான் ஏறும். ஹப்பை எடுத்துட்டு ட்யூனரை மெஷினின் சொந்த வாயில்களில் மாட்டுங்க, டிஸ்க் மெஷினுக்கு உள்ளே சாட்டா இணைப்பில் இருக்கட்டும். சாட்டா இடமில்லைன்னா தனி அடாப்டர் உள்ள டிஸ்க் பெட்டி.

டிஸ்க்கை எக்ஸ்ட்4 (ext4) முறையில் ஃபார்மேட் பண்ணுங்க, எக்ஸ்ஃபேட் (exFAT) முறை கரண்ட் கட்டுக்குத் தாங்காது. எந்த டிஸ்க் எங்கே ஏறணும்னு சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடி போட்டு, டிஸ்க் இல்லாமலும் மெஷின் எழும்படி நோஃபெயில் (nofail) சேருங்க. அதில் ஒரு பொறி இருக்கு: டிஸ்க் ஒருநாள் ஏறலைன்னா பதிவு சத்தமில்லாமல் எஸ்எஸ்டியில் விழுந்து, அது நிரம்பி, மெஷினே நின்னுடும். டிஸ்க் ஏறாத நிலையில் அந்தக் காலி அடைவை மாற்ற முடியாதபடி பூட்டி வையுங்க. டிஸ்க் இல்லாத அன்னைக்குப் பதிவு தோல்வின்னு சிவப்பில் காட்டும், உடனே தெரியும்.


எட்டடி டிஷ் பதில்:

12.5 நல்ல எண். ஏழுக்குக் கீழே போனால்தான் படம் உடையும், மழைக்கு ஐந்து டெசிபல் கையிருப்பு இருக்கிறது.

இடி பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை யாரும் சொல்லவில்லை. சித்திரை, வைகாசி கோடை இடி வருமுன் முடித்துவிடுங்கள். டிஷ் கம்பத்துக்கும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் போடும் எர்த் பிளாக்குக்கும் ஒரே எர்த். வீட்டு மின் எர்த்தோடு அதையும் தடித்த செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். டிஷ்ஷுக்கென்று தனி எர்த் குழி தோண்டி இணைக்காமல் விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிக்கும் நடுவே ஏற்படும் வோல்ட் வேறுபாடு உங்கள் ட்யூனர் வழியாகத்தான் பாயும். நேர் இடியை எந்தப் பிளாக்கும் தடுக்காது. வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று. டிஷ் வீட்டைவிட்டுத் தள்ளித் தோட்டத்தில் இருந்தால், மினி பிசியை டிஷ் பக்கத்து ஸ்டோர் ரூமில் வைத்து, வீட்டுக்கு ஃபைபர் ஒயரும் இரு முனையில் மீடியா கன்வெர்ட்டரும் (ஃபைபர் ஒளியைச் சாதாரண நெட்வொர்க் ஒயருக்கு மாற்றும் பெட்டி) போடுங்கள். இரும்புக் கம்பியில்லாத, உலோகமே இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, தோட்டத்தில் என்ன நடந்தாலும் மூன்று டிவியும் தப்பும்.


சூரமங்கலம் சிக்னல் பதில்:

கரண்ட் விஷயம் மட்டும் மிச்சம். வீட்டு இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ்ஸில் வையுங்க. நார்மலில் மாறும் நேரம் நீளம், லைட் மினுக்கிட்டு நிற்கும், மினி பிசி அணைந்து எழுந்திருக்கும், பதிவு இரண்டு துண்டாகும். பயாஸில் (மெஷின் எழும்போது வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) கரண்ட் வந்ததும் தானா எழும்படி ஒரு அமைப்பு இருக்கு, அதையும் போட்டுடுங்க. ஸ்டோர் ரூமுக்கு இன்வெர்ட்டர் லைன் போகுதான்னு முதலில் பாருங்க, தோட்டத்துப் பக்கம் பெரும்பாலும் மோட்டார் லைன்தான் இருக்கும். அப்படின்னா அங்கே 600 விஏ யுபிஎஸ் ஒன்று தனியா வைக்கணும், மீடியா கன்வெர்ட்டரையும் அதிலேயே மாட்டணும்.